உயர்தரத் துறைதேர் மீமாம்சை

பாயிரம்

உலகத்திலே மனிதன் தேர்ந்தெடுக்க வேண்டிய விஷயங்கள் பல. ஜீவனோபாயம், வாழ்க்கைத்துணை, வாக்களிக்கத் தக்க கட்சி, தீபாவளிக்கு எடுக்கத் தக்க துணி என்னும் இவற்றைப் பற்றியெல்லாம் அறிஞர்கள் ஏடுகளை நிரப்பியிருக்கிறார்களெனினும், இலங்கை மலையகத்தில் ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை முதலிய பிரதேசங்களின் தேயிலைத் தோட்டங்களிலே, சாதாரணதரப் பெறுபேறு வெளியான தினந்தொட்டுப் பாடசாலையில் பெயர் பதியும் தினம்வரைக்கும் சோறு தண்ணீரையும் மறக்கச் செய்து நிகழ்ந்துவருகிற ஒரு மகத்தான தேர்வைப் பற்றி, அதாவது பதினாறு பதினேழு வயதுப் பிள்ளை உயர்தரத்தில் எந்தத் துறையை எடுப்பது என்ற பிரச்சினையைப் பற்றி, சாஸ்திரோக்தமாக யாரும் விசாரணை செய்ததாகத் தெரியவில்லை. அக்குறையை நீக்கும் பொருட்டே இச்சிறு கிரந்தம் எழுந்தது.

விஷயத்தின் இலக்கணத்தை முதற்கண் வரையறுப்போம். சாதாரணதரத்தில் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும், மூன்றில் திறமைச் சித்தியும் பெற்றவன் இத்தேர்வுக்கு அதிகாரி. கலை, வணிகம், உயிரியல், பௌதிகம் என்ற பழந்துறைகள் நான்கும், 2013ஆம் ஆண்டில் அரசாங்கம் புதிதாகத் திறந்துவிட்ட தொழினுட்பத் துறையும் அவன் முன்னே கிடக்கின்றன. இவற்றை லயத்து ஜனங்கள் ஆர்ட்ஸ், கொமர்ஸ், பயோ, மெத்ஸ், டெக் என்று வழங்குவர். ஏதேனுமொரு துறையில் மூன்று பாடங்களை எடுத்து, இரண்டு ஆண்டு படித்து, பரீட்சை எழுதி, ‘கெம்பஸ்’ என்று சுருக்கமாக அழைக்கப்படுகின்ற பரமபதத்தை அடைதல் பிரயோஜனமாம். முதல் தடவையில் கிட்டாதவர்க்கு இன்னும் இரண்டு ‘ஷை’ உண்டு. மூன்றாவது ஷையும் தவறியவர்க்குக் கொழும்புக் கடையோ, வெளிநாட்டுப் பயணமோ மறுபிறப்பாக விதிக்கப்பட்டிருக்கிறது.

பிரமாண இயல்

ஒரு பொருளை நிச்சயிப்பதற்குக் காட்சி, கருதல், உரை என மூன்று பிரமாணங்களைச் சைவ சித்தாந்திகள் கொண்டனர். துறைதேர் விசாரணைக்கும் இம்மூன்றே போதுமானவை.

காட்சியாவது கண்ணாற் காண்பது. தோட்டத்துப் பிள்ளை பிறந்தது முதல் காண்கிற உத்தியோகஸ்தர் துரை, கிளாக்கர், டீமேக்கர், கணக்கப்பிள்ளை, மாஸ்டர் ஆகிய இவர்களே. பொறியியலாளன் என்பவன் மண்சரிவில் பாதை அறுந்துபோன காலங்களில் மாத்திரம் மஞ்சள் தொப்பியோடு தோன்றி மறைகிற அபூர்வ ஜீவன். துரைக்கோ ஜீப்பும் பங்களாவும் இருப்பதால் அவரைப் போலாவது சிந்தைக்கே எட்டாதது. எஞ்சி நிற்பவர் மாஸ்டர். தோட்டத்துப் பிள்ளைகளில் ஆறு வயது முதல் பத்து வயது வரையிலுள்ளோருக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையை 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தோட்டத் துரைமார் தலையில் சுமத்திய காலத்திலிருந்து, 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கிய காலத்தைக் கடந்து, 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கிய காலம் வரையிலும், அதன் பின்னரும், குடையும் வெள்ளைச் சட்டையுமாக லயத்து முற்றத்தைக் கடந்து சென்ற படித்த மனிதர் அவர் ஒருவரே. பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென்று ஆசிரியர் உதவியாளர்களைச் சேர்க்கும் விளம்பரங்கள் வெளிவந்தபோதெல்லாம் இக்காட்சி மேலும் உறுதிப்பட்டது. ஆகவே காட்சிப் பிரமாணம் எப்போதும் ஆர்ட்ஸையே சுட்டுகிறது.

கருதலாவது ஒன்றைக் கண்டு மற்றொன்றை ஊகிப்பது. இம்மலை நெருப்புடையது, புகையுடைமையால் என்பது தர்க்க நூலார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் உதாரணம். அந்நூலார் நுவரெலியாவுக்கு வந்திருப்பாராயின் வேறோர் உதாரணத்தைத் தேடியிருப்பர். இங்கே மலையின்மீது தெரிவது பெரும்பாலும் மூடுபனியாதலால், அதைக் கண்டு நெருப்பை ஊகித்தவன் குளிரில் விறைத்துத்தான் வீடு திரும்புவான். பிள்ளை விஞ்ஞானத்தில் ‘ஏ’ எடுத்தான், ஆகவே பயோ செய்வான் என்ற ஊகமும் இத்தகையதே. சாதாரணதரத்தில் விஞ்ஞானம் என்ற ஒரே நூலாக அடங்கிக் கிடந்தது உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் என மூன்றாகப் பிளந்து, ஒவ்வொன்றும் முன்னையதின் பன்மடங்கு பருத்துவிடுகிறது. பதினோராம் ஆண்டில் புகையாகத் தெரிந்தது பன்னிரண்டாம் ஆண்டின் முதலாம் தவணையிலேயே பனியென்று தெளிவாகும்.

உரையாவது ஆப்தர் வாக்கியம். இதன் பெருமையைத் தொங்கல் காம்பரா ஒன்றின் இஸ்தோப்பில், பெறுபேறு வந்த நாளின் மாலையில் கூடும் சபையில் காணலாம். மாதிரிக்காக அச்சபையின் பேச்சில் ஒரு துண்டை இங்கே பெயர்த்து வைக்கிறோம்.

“எனக்குப் பயோ செய்யத்தான் விருப்பம் மாமா.”

“பயோ செஞ்சு ஃபெயிலாகி நம்ம கடைக்கு வேலைக்கு வந்தவனுங்க எத்தனை பேருன்னு எனக்குத்தான் தெரியும் மருமகனே. கொமர்ஸ எடு. கணக்குத் தெரிஞ்சவன் பட்டினி கெடக்க மாட்டான்.”

“ஆர்ட்ஸ் எடுத்தா மாஸ்டர் வேலையாச்சும் நிச்சயம்” என்றார் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. “மழையில நனையாம நாலு எழுத்துச் சொல்லிக் குடுத்துட்டு வரலாம்.”

அந்திக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, இடுப்புப் படங்கை அவிழ்த்துக்கொண்டிருந்த தாய் அதுவரை வாய் திறக்கவில்லை. “எதயாச்சும் படிக்கட்டுண்ணே. மலையில ஏறாம இருந்தாப் போதும்” என்றாள்.

சபையில் எழுந்த வாக்கியங்களுள் எந்தத் துறையின் பெயரையும் கூறாதது இது ஒன்றே. ஆயினும் துறைதேர்தலின் பிரயோஜனம் யாதென்ற வினாவுக்கு நேரான விடையும் இது ஒன்றே என்பதைப் பாரபட்சமற்ற ஆராய்ச்சியாளர் ஒப்புக்கொள்வர்.

பூர்வபக்ஷம்

இனிப் பிறர் மதங்களை எடுத்துக்கூறி மறுப்போம். முதலாமவர் இசட் புள்ளிவாதிகள். 2001ஆம் ஆண்டு முதல் இலங்கையின் பல்கலைக்கழக அனுமதியில் வழங்கிவருகிற இசட் புள்ளியாவது, மாணவன் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றியோர் அனைவரதும் சராசரியைக் கழித்து, மிச்சத்தை நியம விலகலால் வகுக்க வருவது. மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு கண்டு சராசரி எடுத்தால் அதுவே அவனுடைய தலையெழுத்து. இதன் தத்துவம் மிக ஆழமானது. ஒருவன் எத்துணை எடுத்தான் என்பது முக்கியமன்று. பிறர் எத்துணை எடுத்தார் என்பதோடு சேர்த்துப் பார்த்தபின்னரே அவன் யாரென்பது நிச்சயமாகும். ஆகவே கெட்டிக்காரர் மிகுதியாக மொய்க்காத பாடத்தைத் தேடி எடுத்தவனே புத்திமானென்பது இவர் கொள்கை. பொருந்தாது, ஏனெனில் இவ்வுபாயத்தை எல்லோரும் அறிந்துவிட்ட மாத்திரத்தில் எல்லோரும் அப்பாடத்துக்கே ஓடிவந்து மொய்ப்பராதலால், உபாயம் தன்னைத் தானே தின்றுவிடுகிறது.

இரண்டாமவர் கோட்டாவாதிகள். பெரும்பாலான கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், எஞ்சிய 5 இடங்கள் கல்வியில் பின்தங்கியவையென வகுக்கப்பட்ட பதினாறு மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. நுவரெலியா அப்பதினாறில் ஒன்று; கண்டி அன்று. இதனால் விளையும் அற்புதத்தைக் கேளுங்கள். நாவலப்பிட்டியில் உடரட்ட மெனிக்கே புகையிரதத்தில் ஏறி ஹட்டனை நோக்கி வருகிற ஒருவன், வழியில் எங்கோ ஓரிடத்தில் கண்டி மாவட்டத்தை விட்டு நுவரெலியா மாவட்டத்தினுள் பிரவேசிக்கிறான். அவன் அறிவில் ஓர் அணுவும் கூடவில்லை, குறையவுமில்லை. வைத்தியனாவதற்கு வேண்டிய வெட்டுப்புள்ளியோ இறங்கிவிடுகிறது. நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடுவது போல, உயரம் ஏற ஏற வெட்டுப்புள்ளியும் தாழ்கிறதென்று இயற்கை விதி ஒன்றை நிறுவிவிடலாமென நாமும் சிறிது காலம் மகிழ்ந்திருந்தோம். ஆனால் மன்னாரும் புத்தளமும் அம்பாந்தோட்டையும் கடல் மட்டத்திலே கிடந்துகொண்டே அப்பதினாறில் இடம்பெற்றிருப்பதால் அவ்விதி நிலைபெறவில்லை. காரணம் காற்றழுத்தத்தில் இல்லை, பாடசாலையில் இருக்கிறதென்று கொள்ளுதலே தகும்.

அன்றியும், மாவட்டத்துக்கென ஒதுக்கிய இடத்தை எட்டிப் பிடிப்பதற்கு முதலில் அத்துறையில் பரீட்சை எழுதியிருக்க வேண்டும். பயோ படிக்க வழியில்லாத தோட்டத்துப் பிள்ளைக்கு மருத்துவ பீடத்தின் கோட்டாவால் யாது லாபம்? வெளிமாவட்டத்துப் பிள்ளைகள் அவ்விடங்களை நாடி இங்கே வந்து பதிகிறார்களென்ற முறைப்பாடு மலையகத்தில் நெடுங்காலமாக ஒலித்துவருவது இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டதெனினும், ஆளில்லாத பந்தியில் யாரேனும் அமர்ந்தே தீர்வரென்பது லோகாநுபவம்.

சித்தாந்தம்

பிறர் மதம் மறுத்தோம். இனி நம் மதம் கூறுவோம். நாட்டின் பாடசாலைகள் 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 என நான்காகப் பகுக்கப்பட்டுள்ளன. உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் உள்ளவை 1ஏபி. கலையும் வணிகமும் மாத்திரம் உள்ளவை 1சி. ஏனைய இரண்டிலும் உயர்தரமே இல்லை. ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரி, நுவரெலியா பரிசுத்த திரித்துவ மத்திய கல்லூரி போன்ற முதல் வகையினவற்றை விரல்விட்டு எண்ணலாம். தோட்டத்துக்குப் பக்கத்தில் வாய்ப்பது பெரும்பாலும் பிந்திய வகைகளே. ஆகவே ஒரு பிள்ளையின் துறை, அவன் சாதகத்திலோ, சாதாரணதரப் பெறுபேற்றுப் பத்திரத்திலோ, மாமன் வாயிலோ எழுதப்படுவதன்று; நடந்து போகக்கூடிய தூரத்திலுள்ள பாடசாலையின் பெயர்ப்பலகையிலே எழுதப்பட்டிருக்கிறது.

பெயர்ப்பலகையில் 1ஏபி என்று கண்டவுடனே மனம் துள்ளுதலும் கூடாது. வகுப்பறை உண்டு, மேசை நாற்காலி உண்டு, நேரசூசியில் இரசாயனவியல் என்ற பெயரும் உண்டு, “கெமிஸ்ட்ரிக்கு இப்ப சேர் இல்லையே மகன், டிரான்ஸ்பர்ல போயிட்டாரு, அடுத்த தவணைக்குள்ள யாராச்சும் வருவாங்க” என்ற வாக்கியமும் உடன் உண்டு. நையாயிகர் இதனை அபாவம் என்பர். பெற்றோர் இதனை டியூஷன் என்பர். மேற்பொகவந்தலாவைத் தோட்டமொன்றிலிருந்து நோர்வூட், டிக்கோயா வழியாக ஹட்டனுக்குச் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் போய்வரும் பஸ் கட்டணம், மூன்று பாடத்துக்கும் மாதக் கட்டணம், கடந்தகால வினாத்தாள் தொகுதிகளின் விலை, மத்தியானத்துக்கு ஒரு பணிஸும் பிளேன்டீயும் என்ற இவற்றைக் கூட்டி, மழை பெய்து வேலை குறைந்த மாதத்தின் நாட்கணக்கான பெயர்ச் சம்பளத்திலிருந்து தகப்பன் கழித்துப் பார்க்கிற கணிதம் இருக்கிறதே, இணைந்த கணிதத்தின் எந்த வினாத்தாளும் அதைவிடக் கடினமானதன்று. மிச்சம் வந்தால் மெத்ஸ் அல்லது பயோ. வராவிட்டால் தமிழ், இந்து நாகரிகம், புவியியல்.

இம்மூன்று பாடங்களையும் இகழ்ந்தோமென்று எவரும் கருதற்க. விரும்பி எடுத்தவனுக்கு இவை எந்தத் துறைக்கும் தாழ்ந்தவையல்ல. மலையகத்தின் பாடசாலைகளில் இன்று கற்பிக்கின்றவர்களில் பலர் இவ்வழியாக வந்தவர்களே. விருப்பத்தால் எடுத்தவனையும் வேறு வழியின்றி எடுத்தவனையும் பெறுபேற்றுப் பத்திரம் வேறுபடுத்திக் காட்டாததே ஆராய்ச்சியாளனுக்குள்ள சங்கடம். ஆகையால் நாம் கண்ட முடிபு இதுவாகும்: துறைதேர்தல் என்பது பிள்ளையின் தொழில் எனச் சொல்லப்படினும், அதனைச் செய்து முடிப்பது ஆசிரியர் இடமாற்றப் பட்டியலும், பஸ் நேர அட்டவணையும், தோட்டச் சம்பளமும் ஆகிய மும்மூர்த்திகளே. பிள்ளை செய்வது விண்ணப்பப் பத்திரத்தில் கையொப்பம்.

நூற்பயன்

இதனைச் சிரத்தையோடு ஓதிய பிள்ளை, துறையை விசாரிக்கு முன்னர் ஆசிரியரை விசாரிக்கும் விவேகம் பெறுவான். ஓதக் கேட்ட தகப்பன், பக்கத்து லயத்துப் பிள்ளை எடுத்த துறையையே தன் பிள்ளைக்கும் விதிக்கிற தோஷத்தினின்று நீங்குவான். மாமன் அடுத்த முறை தோட்டத்துக்கு வரும்போது வாயைத் திறக்கு முன்னர் ஒரு கணம் யோசிப்பான். கல்வித் திணைக்களத்தார் இதனை ஒருகால் ஓத நேர்ந்து, தோட்டங்களுக்கு நடுவேயுள்ள பாடசாலைகளுக்கு இரசாயனவியலுக்கு ஒருவரும் இணைந்த கணிதத்துக்கு ஒருவருமாக அனுப்பி, அவர்களை அங்கேயே இருக்கவும் வைத்துவிடுவாராயின், இந்நூலில் கூறிய பிரமாணங்களும் பூர்வபக்ஷங்களும் சித்தாந்தமும் ஒருங்கே பொய்த்து, நூல் அடுப்பெரிக்க மாத்திரம் உதவும். ஆக்கியோன் வேண்டுவதும் அப்பயனையே.