டோக்கன் கொடுக்க ஆளில்லாத ஸ்டாண்டு

வெம்பிளி, லண்டன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

பஸ் ஸ்டாண்டு சைக்கிள் ஸ்டாண்டு ஏலம் இந்த வருஷமும் உங்கள் பேரிலேயே முடிந்தது என்று அம்மா போனில் சொன்னாள். சந்தோஷம். கூடவே நீங்கள் கேட்டுவிட்ட கேள்விகளையும் சொன்னாள். "அங்கே மோட்டார் சைக்கிளை எங்கேடா விடுறான்? ஸ்டாண்டை யார் குத்தகைக்கு எடுக்கிறான்? பகலுக்கு எவ்வளவு, ராத்திரிக்கு எவ்வளவு?" தொழில்காரர் கேள்வி. வாட்ஸப்பில் இரண்டு வரியில் சொல்லி முடிக்க முடியாததால் காகிதம் எடுத்திருக்கிறேன்.

முதலில் துக்கச் செய்தி: இங்கே குத்தகைக்காரரே கிடையாது. டோக்கன் கிழிக்கிற பையன் இல்லை. சீட்டின் மேல் சாக்பீஸால் நம்பர் எழுதுகிறவர் இல்லை. "ஹேண்டில் லாக் போடாதீங்க, வண்டியை நகர்த்தணும்" என்று அதட்டுகிற நீங்களும் இல்லை. தரையில் கோடு, கம்பத்தில் பலகை, அவ்வளவுதான். அந்த இரண்டையும் படிக்கத் தெரிந்தவன் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறான். தெரியாதவன் வீட்டுக்குக் கடிதம் வருகிறது.

மோட்டார் சைக்கிளுக்கென்று தெருவோரமாகத் தனிக் கட்டம் போட்டிருப்பார்கள். வெள்ளைக் கோட்டுக்குள் 'சோலோ மோட்டார் சைக்கிள்கள் மட்டும்' என்று தரையிலேயே எழுதியிருக்கும். சோலோ என்றால் பக்கத்தில் தொட்டி வைத்த வண்டி ஆகாது என்று பொருள். இரண்டு கார் நிற்கிற நீளத்தில் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் நிற்கும். எல்லாம் பின்சக்கரத்தை நடைபாதை விளிம்பில் முட்டவைத்து, முகத்தை ரோட்டுக்குக் காட்டிக்கொண்டு நிற்பவை. காலை எட்டரைக்கு மேல் போனால் இடுக்குகள்தான் மிச்சம். அதில் என் வண்டியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு நுழைவதற்குள், இடதுபக்கத்து ஸ்கூட்டரின் கண்ணாடி என் கையுறையில் மாட்டும். வலதுபக்கம் சாப்பாடு கொண்டுபோகிற பையன்களின் வண்டி. குளிருக்காக முழங்கால் மேல் போடுகிற தார்ப்பாய் அதில் தொங்கும், அதன் மடிப்பில் ராத்திரி பெய்த மழை தேங்கியிருக்கும். கொஞ்சம் இடித்தால் போதும், அத்தனையும் என் ஷூவுக்குள். உங்கள் பையன்கள் இருந்தால் ஒரே நிமிஷத்தில் நாலு வண்டியைத் தூக்கி நகர்த்தி எனக்கு இடம் பண்ணிவிடுவார்கள். இங்கே அடுத்தவன் வண்டியைத் தொட்டால் திருடன் என்று போலீஸைக் கூப்பிடுவான். அவன் மேலும் குற்றமில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கட்டத்தில் இடமில்லை என்றால் என்ன செய்வது? நம்மூர் யோசனை உடனே நடைபாதை மேல் ஏறும். லண்டனில் அது முடியாது. 1974-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்: நடைபாதையில் ஒரு சக்கரம் இருந்தாலும் அபராதம், காராக இருந்தாலும் மோட்டார் சைக்கிளாக இருந்தாலும். சில குறுகலான தெருக்களில் மட்டும் கவுன்சிலே பாதி நடைபாதையிலும் பாதி ரோட்டிலுமாகக் கட்டம் போட்டு, இங்கே ஏற்றி நிறுத்தலாம் என்று பலகையும் வைத்திருக்கிறது. தானே ஏற்றினால் தப்பு, கவுன்சில் ஏற்றச் சொன்னால் சரி.

லண்டனைத் தாண்டினால் இங்கிலாந்தில் கதை வேறு. நடைபாதையில் நிறுத்துவதற்குப் பொதுவான தடை அங்கே இல்லை, 'நிறுத்தாமல் இருப்பது நல்லது' என்கிற அறிவுரைதான். ஆனால் நடைபாதை மேல் வண்டி ஓட்டுவது குற்றம். அதற்கு 1835-ல் போட்ட நெடுஞ்சாலைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. குதிரை, கழுதை, ஆடு, மாடு, பன்றி எதையும் நடைபாதையில் ஓட்டிக்கொண்டு போகக்கூடாது என்று அதில் வரிசையாக எழுதியிருக்கிறார்கள். ஓட்டாமல் வண்டி எப்படி நடைபாதைக்குப் போகும் என்று கேட்காதீர்கள். தள்ளிக்கொண்டு போனேன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் அந்த வாதமும் செல்லாது. 2019-ல் சட்டம் இயற்றி, 2023 டிசம்பரிலிருந்து கவுன்சில்கள் அபராதம் போடலாம் என்று அதிகாரம் கொடுத்துவிட்டார்கள். எடின்பரோ நகரம் 2024 ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது. நூறு பவுண்ட். மெல்போர்னில் இருக்கும் நம்ம பெரியத்தை மகன் இதைக் கேட்டுச் சிரிக்கிறான். அவன் ஊரில் நடக்கிறவர்களுக்கு வழி விட்டு நடைபாதையிலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்தலாமாம், சட்டப்படியே. ஒரே ராணியின் கீழ் இருந்த ஊர்கள்தான் எல்லாம்.

ரோட்டோரத்து மஞ்சள் கோடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரட்டைக் கோடு என்றால் எப்போதும் கூடாது. ஒற்றைக் கோடு என்றால் பலகையில் போட்ட நேரத்தில் கூடாது, மற்ற நேரத்தில் சரி. சிவப்புக் கோடு என்றால் நிற்பதே கூடாது, அந்தப் பக்கமே பார்க்காதீர்கள். எங்கள் வெம்பிளியில் இதற்கு மேல் ஒரு சங்கதி உண்டு. ஸ்டேடியத்தில் பந்தாட்டமோ பாட்டுக் கச்சேரியோ இருந்தால், சுற்றுவட்டாரத் தெருக்களுக்கு அன்று தனி விதி, பெர்மிட் வேண்டும். காலையில் சரியாக இருந்த இடம் மாலையில் தப்பாகிவிடும். ஆகவே எனக்குக் கால்பந்து பிடிக்காவிட்டாலும் எந்த அணி எந்தத் தேதியில் ஆடுகிறது என்பது அத்துப்படி.

அபராதம் போடுகிற கவுன்சில் ஆட்கள் சிலர் ஸ்கூட்டரிலேயே வருவார்கள். அவர்கள் தங்கள் ஸ்கூட்டரை எங்கே நிறுத்துகிறார்கள் என்று நான் உற்றுக் கவனிப்பதுண்டு. காருக்கு என்றால் கண்ணாடியில் ஒட்டுகிற, அபராதச் சீட்டு வைத்த பிளாஸ்டிக் உறையை மோட்டார் சைக்கிளுக்கு ஹேண்டிலில் கட்டுவார்கள். 14 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை. பணம் கட்டி நிறுத்திய நேரம் முடிந்த பிறகும் பத்து நிமிஷம் பொறுத்துத்தான் எழுத வேண்டும் என்று இங்கிலாந்தில் விதி இருக்கிறது. உங்கள் ஸ்டாண்டில் பன்னிரண்டு மணி தாண்டி ஒரு நிமிஷம் ஆனால் இன்னொரு நாள் காசு. கொஞ்சம் யோசியுங்கள்.

தனியார் கார் பார்க்கிங்தான் உண்மையான வேடிக்கை. அடுக்குமாடி பார்க்கிங்கில் வாசலில் குறுக்குக் கம்பி இருக்கும். தரைக்கடியில் புதைத்த கம்பிச்சுருள் வண்டியின் உலோகத்தை உணர்ந்தால்தான் அது தூக்கும். மோட்டார் சைக்கிளில் இருக்கிற உலோகம் அதற்குப் பல இடங்களில் போதாது. நாம் நிற்போம், ஹாரன் அடிப்போம், முன்னே பின்னே நகர்ந்து பார்ப்போம், கம்பி அசையாது. பின்னால் கார் ஒன்று வந்து நின்றதும் தூக்கும். அந்தக் கம்பி நம் ஹெல்மெட் மேல் இறங்குவதற்குள் உள்ளே ஓட வேண்டும். இந்தத் தொல்லைக்குப் பயந்தே பல இடங்களில் கம்பிக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விட்டு, மோட்டார் சைக்கிள் அப்படியே போகலாம் என்று இலவசமாக விட்டுவிடுகிறார்கள். வேறு சில இடங்களில் 'மோட்டார் சைக்கிள் அனுமதியில்லை' என்று ஒரே பலகையில் கதையை முடித்துவிடுகிறார்கள்.

நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கிற கேமரா வைத்த இடங்களிலும் ஒரு சிக்கல். 2001 செப்டம்பரிலிருந்து பதிவான மோட்டார் சைக்கிளுக்கு இந்த நாட்டில் முன்பக்க நம்பர் பிளேட் வைக்கவே கூடாது. முன்பக்கம் மட்டும் பார்க்கிற கேமராவுக்கு நாங்கள் யாரோ எவரோ. ஆனால் எல்லா கேமராவும் அப்படி இல்லை என்பதற்கு எங்கள் மாடியில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் சாட்சி. ஒரு கடைவளாகத்தில் தூணுக்கும் சுவருக்கும் நடுவே, சாய்வுக் கோடு போட்ட மூலையில் ஸ்கூட்டரை வைத்தார். கார் நுழையவே முடியாத மூலை. பத்து நாளில் தபால் வந்தது. "நான் ஒருத்தருக்கும் இடைஞ்சல் செய்யேல்லை தம்பி, கார்க்காரன்ர இடத்தையும் எடுக்கேல்லை" என்று ஒரு வாரம் புலம்பினார். பிறகு நாலு பக்கத்துக்கு மேல்முறையீடு எழுதினார். முதல் மூன்று பக்கத்தில் மோட்டார் சைக்கிள் எவ்வளவு சின்னது என்பதை விளக்கியிருந்தார். நாலாம் பக்கத்தில்தான் தன் பெயரும் வண்டி நம்பரும். கம்பெனிக்காரன் படித்தானோ, படிக்க முடியாமல் கைவிட்டானோ, ரத்து செய்துவிட்டான்.

எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் அமையாது. செம்ஸ்ஃபோர்டில் இரண்டு மணி நேர இலவச பார்க்கிங்கில் கூடுதலாக ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் காரை விட்டுவைத்த பேரி பீவிஸ் என்பவர், 85 பவுண்ட் கட்ட மாட்டேன் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015-ல் தோற்றார். அதிலிருந்து தனியார் கம்பெனிகளுக்கு முதுகெலும்பு நிமிர்ந்துவிட்டது. முன்பெல்லாம் சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, காசு கொடுத்தால்தான் திறப்பார்களாம். 2012 அக்டோபரிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நிலத்தில் அது குற்றம். இந்த யோசனையை உங்கள் காதில் போடக்கூடாது என்றுதான் இருந்தேன்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். நாட்டின் பல ஊர்களில் மோட்டார் சைக்கிள் கட்டம் இலவசம். பல ரயில் நிலையங்களிலும் இலவசம். நான் வேலைக்குப் போகிற வெஸ்ட்மின்ஸ்டரில் 2008-ல் நாளுக்கு ஒன்றரை பவுண்ட் என்று வசூல் தொடங்கினார்கள். வண்டிக்காரர்கள் கொதித்துப் போய், கூட்டம் கூட்டமாக நடை வேகத்தில் ஓட்டி மத்திய லண்டன் போக்குவரத்தையே முடக்கிப் பார்த்தார்கள். கோர்ட்டுக்கும் போனார்கள், பலிக்கவில்லை. அவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருந்தது: கார்க்காரன் சீட்டை வாங்கிக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டுகிறான், மோட்டார் சைக்கிள்காரன் எங்கே வைப்பான்? சீட்டு பறக்கும், நனையும், பக்கத்து வண்டிக்காரன் எடுத்துத் தன் வண்டியில் செருகிக்கொள்வான். கவுன்சில் அதற்கும் வழி கண்டது: போனிலேயே கட்டு, சீட்டே வேண்டாம்.

காசை விடப் பெரிய கவலை திருட்டு. இரண்டு பேர் வேனில் வருவார்கள், வண்டியை அலாக்காகத் தூக்குவார்கள், போய்விடுவார்கள். ஹேண்டில் லாக் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆகவே சில கட்டங்களில் தரையில் இரும்பு வளையமோ ஓரத்தில் கம்பித் தண்டவாளமோ வைத்திருக்கிறார்கள். அதில் சங்கிலியைக் கோத்துப் பூட்டலாம். என் சங்கிலியின் கனம் அம்மாவுக்குத் தெரிந்தால் அழுவாள். கோயில் யானைக்குப் போடுகிற மாதிரி இருக்கும், அதைத் தோளில் போட்டுக்கொண்டுதான் ஆபீஸுக்குப் போய்வருகிறேன். இன்ஷூரன்ஸ்காரனும் முதலில் கேட்பது வண்டியின் விலையை அல்ல. ராத்திரி எங்கே நிற்கும், வீட்டுக்குள்ளா தெருவிலா என்பதைத்தான். தெரு என்று சொன்னால் அவன் குரலே மாறுகிறது.

ஒன்று மட்டும் நெஞ்சு நிமிர்ந்து எழுதுகிறேன். என் வண்டி சென்னைக்குப் பக்கத்தில் செய்த ராயல் என்ஃபீல்டு. கட்டத்தில் நிறுத்தும்போது ஒரு வெள்ளைக்காரத் தாத்தா வந்து டேங்கைத் தட்டிப் பார்த்து, "எங்கப்பாகூட வச்சிருந்தார், அசல் இங்கிலீஷ் வண்டி" என்றார். அசல் ரெட்டிச் ஊரில் பிறந்த கம்பெனிதான். 1955-லிருந்து புல்லட்டை மதராஸில் சேர்க்கத் தொடங்கினார்கள், பிறகு இங்கே இருந்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள், நாம் மட்டும் விடாமல் செய்துகொண்டிருக்கிறோம் என்று சொன்னேன். நார்ட்டனையும் 2020-ல் நம்ம டிவிஎஸ்காரர்கள் வாங்கிவிட்டார்கள் என்றேன். தாத்தா வண்டியை இன்னொரு தரம் தட்டிவிட்டு, "நிறுத்த இடமாவது இங்கே எங்களுடையது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது காரியம். செப்டம்பரில் சின்னவன் படிக்க வருகிறான், வந்ததும் வண்டி வாங்கப் போகிறேன் என்கிறான். வண்டிக்கென்று காசு கொடுத்தனுப்பாதீர்கள். வாடகைக்கு வீடு பார்க்கும்போது கேட்டைத் தாண்டி உள்ளே வண்டி விட இடம் இருக்கிறதா, தெரு பெர்மிட் தெருவா, பக்கத்தில் இரும்பு வளையம் வைத்த கட்டம் இருக்கிறதா என்று மூன்றையும் கேட்கச் சொல்லுங்கள். மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தால் அவன் பஸ்ஸில் போகட்டும். சித்தியிடம் சொல்லி, ஊறுகாய் பாட்டிலை இரண்டு கவர் போட்டுக் கட்டி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்