யானைத் துவக்கும் மூண்டு சிலிங் சில்லறையும்

மருமோன், நீ அனுப்பின படம் பார்த்தன். டொரொண்டோவில கார் நிக்கவேண்டிய கராஜுக்குள்ள ஒரு மேசை, அதில ரவை அமத்துற மெசின், மருந்து நிறுக்கிற தராசு, நிரை நிரையாப் பித்தளைக் கோது. லூசியம்மா கோயில் பூசைப் பாத்திரம்கூட இப்பிடி மினுங்காது. ஆபிரிக்காவுக்குக் காட்டெருமை சுடப் போறியாம், எந்தத் துவக்கு நல்லம் எண்டு கேட்டிருக்கிறாய். பள்ளிமுனையில கிழிஞ்ச வலையோட குந்தியிருக்கிற என்னட்டைக் கேட்டது சரிதான். மன்னார்த் தீவில அலையிற ஆகப் பெரிய மிருகம் கழுதை. அதுவும் ரோட்டு நடுவில படுத்துக்கிடக்கும், ஆட்டோக்காரன்தான் விலத்திப் போகவேணும். ஆனபடியால் வேட்டையைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒண்டுமில்லை.

முதலில பருமனைப் பேசுவம். 1840களில சாமுவேல் பேக்கர் எண்டொரு வெள்ளைக்காரன் இலங்கையில யானை சுட்டுத் திரிஞ்சவன். பிரிஸ்டலில துவக்குச் செய்யிற கிப்ஸிட்டைச் சொல்லிச் செய்விச்ச அவன்ர துவக்கு 21 இறாத்தல். ஒன்பதரைக் கிலோ, தம்பி! ஒரு வெடிக்கு 28 கிராம் மருந்து. அது காணாதெண்டு பிறகு ஆபிரிக்காவுக்கு அரை இறாத்தல் குண்டு போடுற ஒண்டைக் கொண்டு போனான். அதுக்குச் செல்லப்பேர் 'பேபி'. வெடிச்சால் யானை விழும், சுட்டவன் சுழண்டு போவான். அதைச் சுட எனக்கே பயம் எண்டு அவனே எழுதி வைச்சிருக்கிறான். காசு குடுத்துப் பயத்தை வாங்கி, அதைச் சுமக்கக் கூலிக்கு ஆளும் பிடிச்ச மனுசன். நீ எழுதியனுப்பின துவக்குப் பட்டியலிலயும் குழல் அளவு 500க்கு மேல ரெண்டு கிடக்குது. உன்னைச் சின்னனில தூக்கி வளர்த்தனான், உன்ர தோள்மூட்டின்ர பலம் எனக்குத் தெரியும்.

கையால ரவை கட்டுற விசயத்திலயும் பேக்கர்தான் உனக்குக் குரு. இலங்கைக்கு வந்த புதுசில மின்னேரியாக் குளத்தடியில எருமைக்கு வெடி வைச்சிருக்கிறான். எருமை விழேல்லை, குண்டு முடிஞ்சுது. காயப்பட்ட எருமை முன்னுக்கு நிண்டு முறைக்குது. மனுசன் பொக்கற்றைத் தடவி, மூண்டு சிலிங் வரை பெறுமதியான சில்லறைக் காசைத் துணித்துண்டில சுத்தி, இரட்டை மருந்து போட்டு இடிச்சு, கிட்ட வரவிட்டுக் குடுத்தான். எருமை சரிஞ்சுது. விழுந்தது செத்துதோ எண்டு பார்க்க நிக்கேல்லை, எடுத்தான் ஓட்டம். அந்தப் புத்தியைப் படி. ஆனால் எங்கட ரூபாய்ச் சில்லறையை நம்பிப் போகாதை, இப்ப அதுக்கு ஒரு ரொபியே விழாது.

எங்கட அப்புவும் கையாலதான் நிறைச்சவர். இடியன் துவக்கு. மருந்து, தும்பு, சன்னம், பிறகும் தும்பு, இடிகம்பியால நாலு இடி, கடைசியாக் கேப்பு. கடற்காத்துக்கு மருந்து ஈரம் பிடிக்குமெண்டு சுளகில பரவி முத்தத்தில காயப்போடுவார். ஆச்சி வாயில சுருட்டோட அந்தப் பக்கத்தால போவா. எங்கட வீட்டில ஆபத்தான மிருகம் எண்டால் அதுதான்.

சரி, பகிடியை விடுவம். பெல் எண்டொரு ஸ்கொட்லாந்துக்காரன், 'கரமோஜோ' பெல். ஆயிரத்துக்கு மேல யானை சுட்டவன், கூடுதலாய் 275 ரிக்பியால. ஏழு மில்லிமீற்றர்க் குண்டு, உன்ர சின்னி விரலுக்குள்ள அடங்கும். யானை மண்டையை வாளால அறுத்து, மூளை எங்க கிடக்குதெண்டு பார்த்துப் படிச்சவன் அவன். உனக்கு அந்தப் பொறுமை இல்லை, ஆபிரிக்காவில கனநாட்டுச் சட்டமும் விடாது. 375க்குக் குறைஞ்சதோட எருமைக்கு முன்னால நிக்க விடமாட்டாங்கள். 1912இல வந்த அந்த 375 ஹொலண்ட் போதும். முதல் வெடிக்கு விரியிற குண்டு, பிறகு விரியாத முழுக்குண்டு.

ரவையில விளையாட்டு வேண்டாம். கனடாக் குளிரில நிறுத்துப் பார்த்த மருந்து ஆபிரிக்க வெயிலில அமுக்கம் கூட்டும், கோது துவக்குக்குள்ள இறுகிப்போம். நீ கழட்டி முடிக்குமட்டும் எருமை காத்திருக்காது. புத்தகத்தில போட்ட மேல் எல்லைக்குக் கீழ நில். கட்டின ஒவ்வொரு ரவையையும் போறதுக்கு முன்னம் துவக்கில போட்டு எடுத்துப் பார். 1956இல அமெரிக்காவில 458 எண்டொண்டு விட்டாங்கள். சின்னக் கோதுக்குள்ள மருந்தை நெரிச்சு அடைக்க, அது கட்டிபட்டுச் சரியாப் பத்தாமல் விட்டுது. கம்பெனிக்காரனுக்கே அந்தக் கதியெண்டால் கராஜ்காரன் நீ என்ன செய்வாய்?

லீவுக்கு வரேக்க உதில ஒண்டைக் கொண்டுவந்து மடுக்காட்டுப் பக்கம் போவமெண்டு கடைசியில ஒரு வரி எழுதியிருக்கிறாய். அங்கதான் எனக்குக் கோபம். வெள்ளைக்காரன் காலத்தில யானைத் தலைக்கு அரசாங்கமே காசு குடுத்தது. 1848க்கு முந்தின மூண்டு வரியத்துக்குள்ள எங்கட வட மாகாணத்தில மட்டும் 3,500க்கு மேல விழுத்தினவங்கள். ரொஜர்ஸ் எண்ட மேஜர் தனிய ஆயிரத்துக்கு மேல சுட்டான், கடைசியில 1845இல அப்புத்தளையில இடி விழுந்து செத்தான். எந்தத் துவக்குக் கடையிலயும் அதுக்கு மருந்தில்லை. 1937இல விலங்கு தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்துது. இப்ப மிச்சமிருக்கிற யானையை எங்கட ஆக்கள் பன்றிக்கெண்டு வைக்கிற, கம்பி தட்டினால் தானா வெடிக்கிற கட்டுத்துவக்கும், தீனுக்குள்ள ஒளிச்சு வைக்கிற வாய்வெடியும் தின்னுது. கட்டுத்துவக்கு வைச்சவன் வீட்டில நித்திரை. அவன் வேட்டைக்காரனில்லை, சோம்பேறி. மாடும் விறகுக்குப் போற மனுசரும் அதில மாட்டுப்படுகினம்.

ஆனபடியால் துவக்கை அங்கயே பூட்டி வை. வரேக்க எனக்கு நல்ல டோர்ச் ஒண்டு கொண்டு வா, இருட்டில படலைக்குள்ள படுத்திருக்கிற கழுதை கண்ணுக்குத் தெரியுதில்லை.