லண்டனில் கச்சேரி கேட்கப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

லண்டனுக்கு வேலை மாற்றலாகி வந்து, வீடு பிடித்து, மிக்ஸிக்குப் பொருந்தும் பிளக்கைத் தேடி வாங்கி, கறிவேப்பிலை விற்கும் கடையையும் கண்டுபிடித்த பிறகு ஒருவருக்குச் சங்கீத ஆசை வருவது இயல்பு. வரட்டும். ஆனால் ஆசை வந்ததும் கிளம்பிவிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருக்கிறது.

முதலில் டிக்கெட் விலையை ரூபாயாக மாற்றிப் பாருங்கள். 90 பவுண்டு என்றால் பத்தாயிரத்தைத் தாண்டும். மார்கழியில் சென்னை சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட்டே கிடையாது என்பதை உடனே நினைவுகூருங்கள். அதை வீட்டில் உரக்கச் சொல்லுங்கள். பிறகு டிக்கெட் பக்கத்தை மூடிவிட்டு யூடியூபைத் திறவுங்கள். பெருக்கல் கணக்கில் தேர்ந்தவர்கள் இந்த முறையைக் கையாண்டு, ஒரு கச்சேரிகூடக் கேட்காமல் லண்டனில் பத்து வருஷம் தாராளமாக ஓட்டிவிடுகிறார்கள்.

கணக்கு வராதவர்கள் டிக்கெட் வாங்குவார்கள். பெரிய நட்சத்திரங்களின் நிகழ்ச்சி என்றால் இணையத்தில் வரிசை நிற்க வேண்டும். உங்களுக்கு முன்னால் இத்தனை ஆயிரம் பேர் என்று திரை சொல்லும். 2024 ஆகஸ்டு கடைசியில் அண்ணன் தம்பி சண்டையில் பிரிந்திருந்த ஒயாசிஸ் இசைக்குழு மறுபடி ஒன்றுசேர்ந்தபோது, நிற்கும் டிக்கெட் சுமார் 150 பவுண்டு என்று நம்பி மணிக்கணக்கில் காத்திருந்தவர்கள், வரிசையின் முனைக்கு வந்தபோது அதே டிக்கெட் 355 பவுண்டு ஆகியிருந்தது. அந்தச் சண்டை தீர்ந்ததற்கு ரசிகன் மொய் வைக்க வேண்டியதாயிற்று. அரசின் போட்டி ஆணையம் விசாரணை நடத்தியது. இத்தகைய சமயங்களில் செய்ய வேண்டியது, தோற்றவர்களோடு சேர்ந்து புலம்புவது. உள்ளூர்க்காரர்களோடு பழக இதைவிட நல்ல வழி இல்லை.

அடுத்து உடை. ஊரிலிருந்து தைத்துக் கொண்டுவந்த கோட்டு சூட்டைப் போட இதுவே தருணம் என்று தோன்றும். கோடையில் ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கு அப்படிப் போய்ப் பாருங்கள். அரை டிராயரும் செருப்புமாக வந்திருக்கும் வெள்ளைக்காரர்கள் உங்களை அரங்க ஊழியர் என்று நினைத்துக் கழிப்பறைக்கு வழி கேட்பார்கள். பணிவாகக் கைகாட்டுங்கள்.

இந்த ஹாலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1871-ல் திறந்தது. கட்டப் பணம் போதாமல், இருக்கைகளை 999 வருஷக் குத்தகைக்கு விற்றார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாற்காலிகள் இன்றும் அப்படித் தனியார் கையில் இருக்கின்றன. நன்கொடை கொடுத்துவிட்டு முன்வரிசை சோபாவில் உட்காரும் நம் சபா பிரமுகர்கள் இதைக் கேள்விப்பட்டால் மனம் உடைந்துபோவார்கள். இன்னொரு விசேஷம், எதிரொலி. திறந்த நாளிலிருந்தே உபத்திரவம். ஒரு சுரத்தை வாசித்தால் இரண்டாகக் கேட்கும். 1969-ல் கூரையிலிருந்து பெரிய பெரிய ஃபைபர் காளான்களைத் தொங்கவிட்ட பிறகுதான் ஓரளவு அடங்கியது. நிகழ்ச்சி அலுத்தால் அண்ணாந்து காளான்களை எண்ணலாம்.

கோடையில் இங்கே நடப்பது ப்ராம்ஸ் என்ற இசை விழா. 1895-ல் ஹென்றி வுட் நடத்தத் தொடங்கியது. முன்பு நடந்த குவீன்ஸ் ஹால் 1941-ல் ஜெர்மன் குண்டுக்கு இரையானதும் இங்கே குடிவந்தது. ஜூலை நடுவில் ஆரம்பித்து எட்டு வாரம். அநேகமாகத் தினமும் கச்சேரி. நம் டிசம்பர் சீசனுக்குப் பங்காளி என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரே குறை, கேன்டீன். இடைவேளையில் ஒரு சின்ன டப்பா ஐஸ்கிரீம் கிடைக்கும். ரவா தோசைக்குச் சமமாக அதைப் பாவிக்கப் பழகுங்கள். விவரமானவர்கள் ஹாலுக்குத் தெற்கே இருக்கும் படிக்கட்டில் உட்கார்ந்து, கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தை முடித்துவிட்டு உள்ளே போவார்கள். அங்கே எல்லாரும் எதையாவது தின்றுகொண்டுதான் இருப்பார்கள், வெட்கப்பட வேண்டாம்.

இனி முக்கியமான பாடம், சும்மா இருத்தல்.

நம் சபாவில் ரசிகனுக்கு எத்தனை வேலைகள்! தொடையில் தாளம் போட வேண்டும், ‘பேஷ்’ சொல்ல வேண்டும், ராகம் எது என்று பக்கத்து மாமாவோடு தகராறு செய்ய வேண்டும், தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் எழுந்து காபிக்குப் போக வேண்டும். இங்கே இதில் எதுவும் கிடையாது. தாளம் போடவே போடாதீர்கள். சிம்பனியில் வேகம் நினைத்தபடி ஏறும், இறங்கும். உங்கள் ஆதி தாளம் நாலாவது ஆவர்த்தனத்தில் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடும். தவிர, தாளம் போடுவதற்கென்றே சம்பளம் கொடுத்து ஓர் ஆளை எல்லாருக்கும் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். அவர் பிழைப்பைக் கெடுக்க வேண்டாம்.

இருமல் வந்தால் அடக்கி வையுங்கள். ப்ராம்ஸ் கச்சேரி ஒவ்வொன்றையும் பிபிசி ரேடியோ 3 நேரடியாக ஒலிபரப்புகிறது. நீங்கள் இருமினால் ஸ்காட்லாந்தில் கேட்கும். ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் முன் அரங்கமே சேர்ந்து இருமும். சேமித்ததை அப்போது செலவழித்துவிடுங்கள்.

கைதட்டல் அதைவிடச் சிக்கல். ஒரு சிம்பனியில் நாலு பகுதி இருந்தால், மூன்று இடைவெளியிலும் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்பது வழக்கம். இது ஏதோ ஆதிகாலத்து ஆசாரம் என்று நினைத்துப் பயப்படாதீர்கள். 1813-ல் வியன்னாவில் பேத்தோவனின் ஏழாவது சிம்பனி அரங்கேறியபோது, இரண்டாம் பகுதி முடிந்ததும் ஜனங்கள் ‘ஒன்ஸ்மோர்’ கேட்டு அங்கேயே மறுபடி வாசிக்க வைத்தார்கள். பேத்தோவன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மௌன விரதமெல்லாம் பின்னால் வந்த கனவான்களின் ஏற்பாடு. என்றாலும் நீங்கள் புரட்சி செய்ய வேண்டாம். நடத்துநர் கையைக் கீழே போட்டு, ஜனங்கள் பக்கம் திரும்பி, பக்கத்து சீட்டுக்காரரும் தட்ட ஆரம்பித்த பிறகு நீங்கள் தட்டினால் போதும். சைக்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பனியில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை. மூன்றாவது பகுதி கச்சேரியே முடிந்துவிட்ட மாதிரி அட்டகாசமாக முடியும். தட்டிவிடுவீர்கள். உள்ளூர்க்காரர்களும்தான் தட்டுகிறார்கள். அதற்கப்புறம் ஒரு சோகமான நாலாவது பகுதி வந்து, முடிந்ததா இல்லையா என்றே தெரியாமல் முடியும்.

நம்மைப் போல மங்களம் பாடி முடிக்கிற பழக்கம் இவர்களுக்கு இல்லை. வாசித்தவர் வணங்கிவிட்டு உள்ளே போவார், திரும்பி வருவார், மறுபடி போவார். எதையோ மறந்துவிட்டு வந்து வந்து தேடுகிறார் என்று எண்ண வேண்டாம். தட்டிக்கொண்டே இருந்தால் துக்கடா மாதிரி ஒன்று வாசிப்பார்.

சும்மா இருத்தல் கைகூடாதவர்களுக்கு நம் சினிமா இசை நிகழ்ச்சிகள் இருக்கின்றன. அங்கே ஏழரை என்று டிக்கெட்டில் போட்டிருப்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. நகைக்கடை விளம்பரம், பொன்னாடை, தொகுப்பாளரின் ‘லண்டன், சத்தம் பத்தலை!’ எல்லாம் முடிந்துதான் பாட்டு. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வது நல்லது. 2017 ஜூலையில் வெம்ப்ளியில் ரஹ்மான் நடத்திய நிகழ்ச்சிக்கு ‘நேற்று இன்று நாளை’ என்று தமிழிலேயே பெயர்; அப்படியும் தமிழ்ப் பாட்டு அதிகமாகிவிட்டது என்று இந்தி ரசிகர்கள் சிலர் பாதியில் எழுந்து போனார்கள், பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். 2025 மார்ச் 8 அன்று ஹாமர்ஸ்மித்தில் இளையராஜாவின் சிம்பனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் குழு வாசித்தது. ராஜா பெயரைக் கேட்டதும் விசிலடித்தே பழகிய வாய்க்கு எப்பேர்ப்பட்ட சோதனை!

எல்லா வேடிக்கையும் போக, உண்மையான யோசனை ஒன்று உண்டு. விலை உயர்ந்த நாற்காலி வேண்டாம். ப்ராம்ஸில் நிற்கும் டிக்கெட் வாங்குங்கள். 2025-ல் அதன் விலை 8 பவுண்டு. அதில் இரண்டு இடம்: மேடைக்கு நேர் எதிரே உள்ள தரை, கூரையை ஒட்டிய கேலரி. கீழே நிற்கிறவர்கள் பொல்லாத பிறவிகள். பியானோ மூடியைத் தூக்கும்போது கீழிருந்து ‘ஹீவ்’ என்று குரல் கொடுப்பார்கள்; மேலிருந்து ‘ஹோ’ என்று பதில் வரும். இவர்களிலிருந்து பாடகரே கிடைத்ததும் உண்டு. 1974-ல் ‘கார்மினா புரானா’ என்ற பாட்டுக் கோவை நடந்துகொண்டிருக்கையில் பாடகர் தாமஸ் ஆலன் புழுக்கம் தாங்காமல் மேடையில் மயங்கி விழ, கேட்க வந்திருந்த பாட்ரிக் மெக்கார்த்தி என்ற இளம் பாடகர் மேடையேறி மிச்சத்தைப் பாடிக் கொடுத்தார். எதற்கும் சாகித்தியத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

நமக்கு ஏற்றது கேலரிதான். அங்கே ஜனங்கள் தரையில் உட்காருகிறார்கள், சுவரில் சாய்கிறார்கள், கம்பளி பின்னுகிறார்கள், கண்ணை மூடிக்கொண்டு மல்லாந்து படுக்கிறார்கள். கோயில் பிராகாரத்தில் துண்டை விரித்துப் படுத்து விடிய விடிய நாகஸ்வரம் கேட்ட பரம்பரைக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றும் இல்லை. மேடை சரியாகத் தெரியாது, கேட்பதற்குக் குறைவில்லை. லண்டனில் இந்த விலைக்கு இதைவிட நல்ல சங்கீதம் எனக்குத் தெரிந்து கிடையாது. சௌத் கென்சிங்டன் ஸ்டேஷனில் இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிஷம் நடக்க வேண்டும். துண்டு மட்டும் நீங்கள் கொண்டுபோங்கள்.