அயலாருக்காக ஒரு மன்றாட்டு

கேள்வி: இன்னும் விசுவாசத்துக்கு வராத பக்கத்து லயத்துக்காரருக்காக, அவர் கேட்காமலே ஜெபிக்கலாமா? (ஒரு வாசகர், எல்கடுவ)

பதில்: கேட்டவருக்கு மட்டுந்தான் ஜெபம் என்றால் திருச்சபை பாதி நாள் மௌனமாக இருக்க வேண்டியிருக்கும். மன்றாட்டு ஜெபம் பிறருக்காகக் கடவுளிடம் பரிந்து பேசுவது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் எல்லாருக்காகவும், ஆட்சியாளருக்காகவும் ஜெபிக்கச் சொல்கிறது. அன்றைய ரோமப் பேரரசர் எவரும் கிறிஸ்தவரல்லர். மகன் அகுஸ்தீனுக்காகப் பல ஆண்டுகள் அழுது ஜெபித்தவர் மோனிக்கா. 387இல் மிலானில் அவன் ஞானஸ்நானம் பெற்றான். அதே ஆண்டில் தாய் கண்மூடினார். கத்தோலிக்கரின் பெரிய வெள்ளி வழிபாட்டில் 10 மன்றாட்டுகள் உண்டு. ஒன்று கிறிஸ்துவை நம்பாதோருக்கு, மற்றொன்று கடவுளையே நம்பாதோருக்கு.

நம்பாதோருக்காக மன்றாடுவது மலையகத்துக்குப் புதிதல்ல. தோட்டத் தொழிலாளரிடையே நற்செய்தி அறிவிக்க 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனுக்காகத் திருநெல்வேலி உபதேசியார்கள் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தார்கள். அவர்கள் தேடி வந்த மக்களில் பெரும்பாலோர் மாரியம்மனையும் முனியாண்டியையும் கும்பிட்டவர்கள்.

முறைதான் முக்கியம். அயலாரின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லி மன்றாடினால் அது அறிவிப்பு, அவருக்கு அவமானம். மத்தேயு 6ஆம் அதிகாரம் சொல்வது கதவைப் பூட்டிய அறைவீட்டு ஜெபத்தை. அவர் மனம் மாற வேண்டும் என்பதோடு நிறுத்திவிடாமல், மகளின் பரீட்சை, மழையில் ஒழுகும் கூரைத் தகரம், கொழுந்துக் கூடை சுமந்து வலிக்கும் முதுகு ஆகியவற்றையும் சேர்த்து மன்றாட வேண்டும். தகரம் மாற்றும் நாளில் ஏணி பிடிக்கவும் போக வேண்டும்.