முன்பக்கத்துக் கொளுக்கி

ஸ்காபரோ, ஆவணி மாதம்

அன்புள்ள அத்தானுக்கு,

தெஹிவளையில் ரயில்பாதையைக் கடந்து கரைக்கு இறங்கினால் வள்ளம் மணலிலேயே நிற்கும். நாலைந்து பேரின் தோளும் இரண்டு உருளைக்கட்டையும் இருந்தால் கடலுக்குள் போய்விடும். கனடாவில் வள்ளத்தின் சீவியம் வேறு. வருசத்தில் பாதிக்கு மேல் வீட்டு முற்றத்தில் நீலத் தறப்பாளுக்குள் அடைபட்டுக் கிடக்கும். வெயில் வந்ததும் ட்ரெயிலரில் ஏறி, நெடுஞ்சாலையில் லொறிகளோடு ஓடி, ஒரு பகல் மிதந்துவிட்டு இரவே வீடு திரும்பும். தண்ணீரில் ஓடியதைவிடத் தாரில் ஓடிய தூரம் கூட என்று சொல்லும் வள்ளக்காரர் இங்கே பலர்.

பக்கத்துத் தெருக் கொட்டாஞ்சேனை அண்ணரும் போன வருசம் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தார். பழைய அலுமினியப் போட், அதற்கொரு ட்ரெயிலர், இழுக்க ஒரு பிக்கப். போட் ஓட்டுவதற்கான தகைமை அட்டையும் எடுத்துவிட்டார். இயந்திரம் பூட்டிய போட்டை ஓட்டும் எல்லோருக்கும் 2009 இலிருந்து அது கட்டாயம்; ஒருமுறை எடுத்தால் ஆயுளுக்கும் செல்லும். பரீட்சையில் கேட்பதெல்லாம் தண்ணீர்ச் சட்டம். போட்டைத் தண்ணீர் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் வித்தையை எவரும் கேட்பதில்லை.

அந்த வித்தை பார்க்க வேண்டுமானால் பிளஃபர்ஸ் பார்க் போகவேண்டும். ஸ்காபரோவின் பிறிம்லி றோட்டில் தெற்கே போய்க்கொண்டிருந்தால் அது செங்குத்தாக இறங்கி ஒன்ராறியோ ஏரிக்கரையில் விட்டுவிடும். பின்னால் வெள்ளை மண் பாறைகள் சுவர்போல எழும்பி நிற்கும். சில இடங்களில் 90 மீற்றர் உயரம். முன்னால் ஏரி. ஏரி என்றதும் பெல்லன்வில வாவியை நினைக்காதேயுங்கோ, இலங்கையின் பரப்பில் கால்பங்குக்கும் மேல் வரும். அதில் சனம் தேடிப்போகும் பெரிய மீன் சினூக் சாமன். பசிபிக் கரை மீனைக் கொண்டுவந்து 1960களின் கடைசியிலிருந்து இதற்குள் விட்டு வளர்க்கிறார்கள். அதுவும் எங்களைப்போலக் குடிபெயர்ந்த சாதிதான்.

கரையில் தண்ணீருக்குள் இறங்கும் ஒரு சீமெந்துச் சாய்வு இருக்கும். ட்ரெயிலரைப் பின்பக்கமாக அதில் இறக்கி, போட் மிதந்ததும் வெறும் ட்ரெயிலரை வெளியே இழுக்கவேண்டும். சொல்ல ஒரு வசனம், செய்ய ஒரு காலைப்பொழுது. பிக்கப்பைப் பின்னுக்கு விடும்போது ஸ்ரேறிங்கை வலப்பக்கம் திருப்பினால் ட்ரெயிலரின் வால் இடப்பக்கம் போகும். பதறிப்போய் இன்னும் திருப்பினால் வண்டியும் ட்ரெயிலரும் கத்திரிக்கோல் மாதிரி மடியும். ட்ரெயிலர் கட்டையாக இருந்தால் இன்னும் கெதியாக மடியும். காலி றோட்டில் 100 பஸ்ஸுக்கும் 101 பஸ்ஸுக்கும் நடுவில் மொறிஸ் மைனர் ஓட்டிய அண்ணர், கனடாவின் அகன்ற சாய்வில் குறுக்கே மறித்துக்கொண்டு நின்றார். அண்ணி கீழே நின்று இடம், வலம் என்று கத்த, அது அண்ணியின் இடமா வண்டியின் இடமா என்று அவர் மேலே இருந்து கேட்க, பின்னால் வரிசை நீண்டது. கனடாக்காரர் ஹோர்ன் அடிக்க மாட்டார்கள். கோப்பியைக் குடித்தபடி பார்ப்பார்கள். அது ஹோர்னைவிடக் கொடுமை.

வரிசையில் வயதான தமிழர் ஒருவரும் நின்றார். 1986 ஆகஸ்ற்றில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், பனிப்புகாருக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரைக் கண்டு காப்பாற்றியவர் கஸ் டோல்ற்றன் என்ற மீன்பிடிக் கப்டன். “அந்தக் காலத்திலை எங்கடை சனம் வள்ளத்தாலை இறங்கக் கஷ்டப்பட்டது. இப்ப வள்ளத்தை இறக்கக் கஷ்டப்படுது” என்றார் பெரியவர், அந்தக் கதையை நினைத்து. அண்ணரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

வழி காட்டியவர் பனி வழிக்கும் வேலை செய்யும் ஒரு வெள்ளைக்காரர். மாரியில் அவருடைய பிக்கப்பின் முகத்தில் பனித்தகடு தொங்கும். கோடையில் அதைக் கழற்றிவிட்டு, முன் பம்பருக்குக் கீழே வண்டியின் சட்டத்தோடு போல்ற் போட்டு இறுக்கிய இரண்டு அங்குலச் சதுரக் குழாயில் ஒரு கொளுக்கிக் குண்டைச் செருகுவார். ட்ரெயிலரை முன்பக்கத்தில் பூட்டி, கண்ணாடி வழியாகப் பார்த்தபடி தள்ளிக்கொண்டு போய்த் தண்ணீரில் விட்டுவிட்டு வருவார். பெரிய சாமான் கடைகளில் இந்த முன்கொளுக்கி வாங்கலாம். பம்பரில் மட்டும் பூட்டினால் பம்பரும் போட்டோடு ஏரிக்குப் போய்விடும்.

முன்னுக்குப் பூட்டினால் ஸ்ரேறிங் குழப்பம் தீர்ந்துவிடும் என்று நம்பி அண்ணரும் ஒன்று வாங்கினார். தீரவில்லை. வலப்பக்கம் திருப்பினால் ட்ரெயிலரின் வால் அப்போதும் இடப்பக்கம்தான் போகும். அது கேத்திரகணிதம், கொளுக்கியை இடம் மாற்றி வெல்ல முடியாது. ஆனால் கழுத்து சுளுக்கத் திரும்பிப் பார்க்கும் வேலை இல்லை. திரும்பும் சில்லுகள் கொளுக்கிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் சின்ன அசைவுக்கும் ட்ரெயிலர் உடனே கேட்கும். ஸ்ரேறிங்கைக் கீழே பிடித்து, வால் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் கையை அசைப்பது இரண்டு முறைக்கும் பொதுவான தந்திரம். புகைக்குழாய் தண்ணீருக்குத் தப்பும், பின்சில்லுகள் காய்ந்த சீமெந்தில் நிற்கும்.

அதிலும் வில்லங்கம் உண்டு. ட்ரெயிலரின் பாரம் மூக்கில் அழுத்த, பின்சில்லில் பாரம் குறையும். வெறும் பெட்டியோடு நிற்கும் பிக்கப் பின்சில்லால் மட்டும் இழுப்பதென்றால், போட்டை மேலே எடுக்கும்போது சில்லு அந்த இடத்திலேயே சுழலும். நாலு சில்லும் இழுக்கும் வண்டி நல்லது. அண்ணரிடம் அது இல்லாததால் சிவப்பரிசி மூட்டைகளைப் பின்னால் அடுக்கினார். பனிக்காலத்தில் மண்மூட்டை போடுவதும் இதே காரணத்துக்குத்தான். போட் மேலே வந்தது, அரிசி நனைந்தது. சாய்வு நீளமாகவும் தட்டையாகவும் இருந்தால் போட் மிதக்கமுதல் றேடியேற்றர் நனையத் தொடங்கும். றோட்டில் ட்ரெயிலரைத் தள்ளிக்கொண்டு போகவும் முடியாது. மட்டமான தரிப்பிடத்தில் சில்லுக்கு முண்டு கொடுத்து, பின்னாலிருந்து கழற்றி, வண்டியைத் திருப்பி முன்னால் பூட்டவேண்டும். திரும்பிவரும்போது மறுபடியும் அதே கூத்து.

இதற்குள் இன்னொரு சட்டம். 2022 ஜனவரி 1 இலிருந்து ஒன்ராறியோவில் போட்டை றோட்டில் கொண்டுபோக முதல் வடிகால் அடைப்பைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிட வேண்டும். ஒரு ஏரியின் பூண்டும் மட்டியும் அடுத்த ஏரிக்குப் போகக்கூடாதாம். நல்ல சட்டம். ஆனால் கழற்றியதைத் திரும்பப் பூட்டவும் ஞாபகம் வேண்டும். முன்கொளுக்கியால் அழகாக நேராக இறக்கிய முதல் நாளில் அண்ணர் அடைப்பைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். போட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்த பிறகே அண்ணி அதைப் பற்றிக் கேட்டார்.

நாங்கள் பார்த்த அளவில், ஆடிக்கொருக்கால் போட் இறக்குகிறவர் காசைச் செலவழிக்காமல், வெறும் தரிப்பிடத்தில் பின்னுக்கு விட்டுப் பழகினால் போதும். ஒவ்வொரு வார இறுதியும் இறக்குகிறவருக்கும், ஒடுங்கிய முற்றத்தில் ட்ரெயிலரைச் செருகுகிறவருக்கும் முன்கொளுக்கி காசுக்குப் பெறுமதியான சாமான்.

வருகிற கோடைக்கு நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் வாறதென்றால் அண்ணர் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போவார். ஏறும் ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி போட்டில் இருக்கவேண்டும் என்பது இங்கே சட்டம், அளவு பார்க்க ஆளின் நிறையும் வேண்டும். பிள்ளைகளின் நிறையை இப்பவே எழுதி அனுப்புங்கோ. அக்காவின் நிறையைக் கேட்கிற துணிவு இங்கே ஒருவருக்கும் இல்லை; அதை நீங்களே கேட்டு எழுதுங்கோ.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்