மைத்துனர் ஒழித்த இருட்டு

மனிதனுக்கு வாய்த்திருக்கும் கண்ணானது, மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தினுள் நின்றபடியே, இருண்ட தூண்களையும் வெளியே கொளுத்தும் வெயிலையும் சிரமமின்றி அனுபவித்துவிடுகிறது; கேமராவோ, எத்தனை விலை கொடுத்து வாங்கியதாயினும், தூணைக் காட்டச் சொன்னால் வானத்தை வெள்ளைக் காகிதமாக்கும், வானத்தைக் காட்டச் சொன்னால் தூணைக் கரியாக்கும். இந்த அநீதியைச் சகியாமல் அவதரித்த வித்தைதான், வெவ்வேறு ஒளி அளவில் எடுத்த படங்களை ஒன்றாக்கும் எச்.டி.ஆர்.; அந்த வித்தை என் மைத்துனரின் கைக்கு வந்து சேர்ந்ததைச் சகியாமல் அவதரித்தது இக்கட்டுரை.

வித்தையின் பூர்வீகம் என்னவோ கௌரவமானதுதான். 1850-களில் குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர், அக்காலத்துக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியைக் கண்டால் நிதானமிழந்து வானத்தை வெளுத்துவிடும் காரணத்தால், கடலுக்கொன்று வானத்துக்கொன்று என நெகடிவ்களைத் தனித்தனியே எடுத்து, அடிவானத்தில் இரண்டையும் இசைத்து அச்சிட்டார். 1997-இல் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் என்னும் இருவர், பல எக்ஸ்போஷர்களிலிருந்து ஒரு காட்சியின் ஒளி அளவுகளைக் கணக்கிட்டு எடுக்கும் மார்க்கத்தை வெளியிட்டார்கள். என் மைத்துனரை அவர்கள் இருவரும் அறியமாட்டார்களாகையால், அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை.

படம் எடுக்கும் கட்டத்தில் மைத்துனரும் நிரபராதியே. முக்காலியில் கேமராவை நிறுத்தி, அபெர்ச்சரையும் ஐ.எஸ்.ஓ.வையும் தொடாமல், ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றி, நடுநிலையில் ஒன்று, இரண்டு ஸ்டாப் குறைத்து ஒன்று, கூட்டி ஒன்று என மூன்று படம் பிடிப்பார்; ஒரு ஸ்டாப் கூடினால் ஒளி இரு மடங்காகுமாதலால், இரு முனைப் படங்களுக்கிடையே 16 மடங்கு ஒளி பேதம். விபரீதமெல்லாம், மூன்றையும் ஒன்றாக்கி, அவ்வளவு விசாலமான ஒளியைக் கம்ப்யூட்டர் திரையின் சொற்ப எல்லைக்குள் அடக்கும் டோன் மேப்பிங்கில்தான் ஆரம்பமாகும். ஸ்லைடர் என்று ஒன்றிருந்தால் அது வலது கோடியைச் சென்றடைவதற்கே சிருஷ்டிக்கப்பட்டது என்பது அவருடைய சித்தாந்தம்.

பலன் பிரத்யட்சம். பிரகாசமான வானத்தின் முன் நிற்கும் கரிய வஸ்துக்களைச் சுற்றி வெண்மையான ஒளிவட்டம் கிளம்பும். மகான்களுக்கே உரிய அந்தப் பாக்கியம், கலங்கரை விளக்கத்துக்கும், சுண்டல் விற்பவருக்கும், வாங்கிய கடனைத் திருப்பித் தராத எங்கள் சித்தப்பாவுக்கும் பேதமின்றிச் சித்தித்திருக்கிறது. மூன்று படங்களுக்கு நடுவே நடந்துவிட்ட ஆடு பன்னிரண்டு கால்களுடன் காட்சியளித்தது; 'கோஸ்ட்' நீக்கும் வசதி இருப்பதை நான் ஞாபகப்படுத்தியபோது, ஆடு உயிருடன்தான் இருக்கிறது என்றார். லோக்கல் கான்ட்ராஸ்ட்டை ஏற்றி, தம் அக்காள் முகத்தில், தொல்பொருள் இலாகாவினரும் காணாத சுருக்கங்களை அகழ்ந்தெடுத்த அன்று, அவருக்கு எங்கள் வீட்டில் காபி கிடைக்கவில்லை.

வெயிலை வெயிலென்று சொல்வதற்கு நிழலைத் தவிர வேறு சாட்சி கிடையாது. மண்டபத்துக்குள் உளித்தடம் மங்கலாகத் தெரிந்தால் போதுமானது. உட்புறம் வெளிப்புறத்தைவிட இருண்டே இருக்க வேண்டும். அந்தக் கிரமம் மாறினால், பார்ப்பவனுக்குக் காரணம் புலப்படாவிட்டாலும், ஏதோ மோசம் நடந்திருக்கிறதென்ற சந்தேகம் மட்டும் வந்துவிடும். இதை நான் சொன்னபோது செவிசாய்க்காத மைத்துனர், காபி நின்றதும் செவிசாய்த்தார். ஸ்லைடர்கள் நடுப்பக்கம் திரும்பின. வானத்தில் மேகமும், தூணில் சிங்கமும், மூலையில் சிறிது இருளுமாக ஒரு படம் பிறந்தது.

உறவினரெல்லாரும் கூடிப் பார்த்தார்கள். "என்ன மண்டபம்! என்ன வேலைப்பாடு! பல்லவர்கள் பல்லவர்கள்தான்" என்று மனமுருகினார்கள், படம் பிடித்தவர் யாரென்று ஒருவராவது கேட்கவில்லை. மைத்துனர் என்னைத் தனியே அழைத்துச் சென்றார்.

"பாராட்டெல்லாம் பல்லவனுக்குப் போவதானால், அத்தான், முக்காலியையும் அவனே சுமக்கட்டும்!"