மருந்துக்குப் பதில் மரம்

கேள்வி: மருந்தை மொத்தமாகக் கடல் கடந்து தருவிக்காமல் சமாளிக்க வழியே இல்லையா?
(குன்னூர் வாசகர்)

பதில்: ஆங்கிலேயர் ஆட்சியில் உங்கள் நீலகிரி மலையிலேயே ஒரு வழி கண்டார்கள். மருந்துக்குப் பதில் மரத்தையே இறக்கிவிட்டார்கள்! மலேரியாவுக்கான கொயினா, தென்னமெரிக்க சின்கோனா மரப்பட்டையில் இருக்கிறது. 1860இல் இந்தக் கன்றுகளைத் தேடி அனுப்பப்பட்ட ஆங்கிலேயர் மார்க்கம் பெருவில் திரட்டிய கன்றுகள் செங்கடல் வெக்கையில் வாடிப்போயின. ஈக்வடாரில் தாவரவியலாளர் ஸ்ப்ரூஸ் சேர்த்த சிவப்புப் பட்டைக் கன்றுகள்தான் கண்ணாடிப் பெட்டிகளில் வந்து, 1861இல் ஊட்டியில் உயிரோடு இறங்கின. உள்ளூர்க்காரர்களின் எதிர்ப்பை மீறி மார்க்கம் கன்று எடுத்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் ஊட்டியில் இறங்கிய கன்றுகளை வளர்த்த தோட்டக் கண்காணிப்பாளர் மக்ஐவரின் கைப்பக்குவம் அபாரம். பட்டை உரித்த இடத்தில் ஈரப் பாசியை வைத்துக் கட்டுவார், புண்ணுக்குக் கட்டுப் போடுவதுபோல. மரம் சாகாது, புதுப் பட்டை துளிர்க்கும். பிறகு நடுவட்டத்தில் கொயினா ஆலையே எழுந்தது.